இரண்டு மணிக்கூட்டு அணைக்கட்டு

அன்புள்ள அம்மாவுக்கு,

லாஸ் வேகாசுக்குப் போனவன் சூதாடாமல் அணைக்கட்டே பார்த்தவன் எண்டு சின்ன மாமி கேட்டவவாம். சத்தியமாய்ப் பார்த்தனான், உங்கட மருமகள் சாட்சி.

ஹூவர் அணைக்கட்டுக்குப் போற வழியிலை வாகனத்தை மறிச்சுச் சோதிக்கினம். என்ர கை தன்பாட்டிலை பொக்கற்றுக்குள்ளை ஐசியைத் தேடுது! கனடாக் கடவுச்சீட்டு எடுத்தும் ஊர்ச் சோதனைச்சாவடிப் பழக்கம் போகேல்லை.

கட்டு 726 அடி உயரம், அடியிலை 660 அடி தடிப்பு. 1935இலை ரூஸ்வெல்ட் திறந்துவைச்சது. 1986 சித்திரையிலை கந்தளாய்க் கட்டு உடைஞ்ச கதை கேட்டு வளர்ந்தவன் நான்; அந்தத் தடிப்பைச் சொன்னபிறகுதான் கீழை எட்டிப்பார்த்தன்.

கூத்து மணிக்கூட்டிலை. கட்டுக்கு இந்தப்பக்கம் நெவாடா, அந்தப்பக்கம் அரிசோனா. தண்ணி எடுக்கிற கோபுரங்களிலை ரெண்டு மாநிலத்துக்கும் ஒவ்வொரு மணிக்கூடு. கோடையிலை ரெண்டும் ஒரே நேரம்தான் காட்டும். நெவாடாக்காரர் குளிர்காலத்துக்கு நேரத்தை மாத்துவினம், அரிசோனாக்காரர் மாத்தாயினம். அதாலை இப்ப ஒரு மணித்தியாலம் வித்தியாசம். நாங்கள் போனது புதன்கிழமை, நெவாடாவிலை பன்னிரண்டே முக்கால். வீடு வாங்கிற விசயமாய் ஏஜென்ருக்குப் போன் எடுக்கச் சொன்னால், "ராகுகாலத்திலையோ?" எண்டு மருமகள் முறைக்கிறாள். நடுக்கோட்டைத் தாண்டச் சொன்னன். அங்கை ஒண்டே முக்கால், ராகுகாலம் முடிஞ்சுது! நிம்மதியாய்ப் பேசினாள். பேசிக்கொண்டே படம் எடுக்கத் திரும்பி இந்தப்பக்கம் வந்திட்டாள். ஒரே நாளிலை ராகுகாலம் ரெண்டு தரம் வந்தால் என்ன பரிகாரம் எண்டு சாத்திரியாரைக் கேட்டு வையுங்கோ.

பக்கத்திலை பெருந்தெருப் பாலம், ஆத்திலையிருந்து 890 அடி உயரத்திலை. 2010இலை திறந்தது, அதுக்கு முதல் பெருந்தெரு கட்டுக்கு மேலாலைதான் போனதாம். இவ்வளவு காசைக் கொட்டிக் கட்டிப்போட்டு, ஓரச்சுவரை உயர்த்தி வைச்சிருக்கினம். காரிலை போனால் அணைக்கட்டு துண்டாய்த் தெரியாது. இறங்கி மேலை ஏறி நடைபாதையாலை போகோணும். மூச்சு வாங்க வாங்கச் சொன்னன், எங்கட கிண்ணியாப் பாலம் 396 மீற்றர், இதுக்கு ஒரு வயசு மூத்தது, பஸ்ஸிலை யன்னலோரம் இருந்தாலே எல்லாம் தெரியும் எண்டு. மருமகள் மூதூர்க்காரியெல்லோ, வாய் சும்மா இருக்குமோ? "அதுக்கு முதல் பாதைப் படகுக்கு வெயிலிலை காய்ஞ்சதையும் சொல்லுங்கோவன்" எண்டாள்.

கட்டுக்குப் பின்னாலை மீட் ஏரி. தண்ணி இறங்கி, பழைய மட்டம் வரைக்கும் மலை வெள்ளைப் பட்டையாய்க் கிடக்கு. அதைப் பார்த்தபிறகு எனக்குக் கதை ஓடேல்லை. கந்தளாயிலை இறங்கித் தயிர்ச்சட்டியோடை குளக்கட்டிலை நிண்ட நாள்தான் நினைவு வந்தது.

இந்த மாரிக்குக் குளம் வான் பாஞ்சதோ? அப்பாவை ஒருக்காப் போய்ப் பார்த்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கோ.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்