கணக்கர் நடித்த கதை

1977-இல் ந. முத்துசாமி முன்னின்று தொடங்கிய கூத்துப்பட்டறை நாடகக் குழுவில் உடம்பை வளைக்க, மூச்சை அடக்க, குரலைக் கடைசி வரிசைவரை எறியக் கற்றுத் தருவார்கள். மேடையில் இரண்டு மணி நேரம் மன்னராக நின்றவருக்கு வீடு திரும்ப ஷேர் ஆட்டோ காசு தேறினாலே பெரிது. அங்கே வரவு செலவு எழுதப் போனவர் விஜய் சேதுபதி. நடிகர்களின் வரவையும் பார்த்துவிட்டு நடிகனாக ஆசைப்பட்டார் என்றால், அந்தத் துணிச்சலுக்கே ஒரு விருது தரலாம்!

‘புதுப்பேட்டை’ (2006), ‘வெண்ணிலா கபடி குழு’ (2009) என்று கூட்டத்தில் ஒருவராக வந்து போனார். 2010-இல் ‘தென்மேற்குப் பருவக்காற்று’ வந்தது, நாயகனானார். முந்தைய வருஷங்கள் எல்லாம் கோடம்பாக்கப் பேரேட்டில் வராக்கடன். நாயகனாகிற நாள்வரை அங்கே எவரும் பிறந்ததாகவே கணக்கில்லை.

இனி நடிப்புப் பயிற்சிக்கு வரும் பையன், “சார், கணக்கெழுத ஆள் வேணுமா?” என்று முதலில் கேட்டால் சிரிக்காதீர்கள். விவரமான பிள்ளை.