பாதை இருக்க பள்ளம் எதற்கு?

பிரான்ஸில் மோன் பிளாங்க் மலையடிவாரத்தில் இருக்கிற ஊர் ஷாமொனி. 2006-ல் பனிச்சறுக்கே பிழைப்பாக இருந்த இருவர், கமீய் ஜாக்கூவும் புரூனோ கொம்பாஞ்யேயும், அங்கே ‘பிளாக் குரோஸ்’ என்ற பலகைக் கம்பெனியைத் தொடங்கினார்கள். இரவெல்லாம் இயந்திரம் ஓட்டிப் பனியைச் சீவி, கல்யாண வீட்டு வாசல் மாதிரி பாதை போட்டு வைக்கிறார்கள் அல்லவா, அதில் கால் வைக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கிறவர்களே இவர்களுடைய வாடிக்கையாளர்கள்.

அடத்துக்கும் அளவுண்டு. பாதைக்கான பலகை நடுவில் 70 மில்லிமீட்டர் சொச்சம் அகலம். இவர்களின் ‘கோர்வஸ்’ 100-ஐத் தாண்டும். அகலம் கூடினால் புதுப்பனியில் புதையாமல் மிதக்கலாம். நீர்ச்சறுக்குப் பலகையைப் பார்த்து, பனிச்சறுக்கு வீரர் ஷேன் மெக்காங்கி புதுப்பனிக்கென்றே ஒரு பலகையை யோசித்தார். அது 2002-ல் ‘ஸ்பாச்சுலா’ என்ற பெயரில் வந்தது.

பாதையை விட்டு இறங்குகிறவர் சிக்னல் கருவி, நீளக் குச்சி, மண்வாரி மூன்றையும் சுமக்க வேண்டும். மண்வாரி தனக்கல்ல, பனிச்சரிவில் புதைந்த நண்பனைத் தோண்ட. அதாவது, சுதந்திரம் தேடிக் கிளம்புகிறவர் முதலில் விசாரிக்க வேண்டியது, கூட வருகிறவனுக்கு வாரத் தெரியுமா என்பதை.

ஷாமொனியிலிருந்து கிளம்பும் எகுயி தூ மிதி ரோப்கார் வரிசையில் இந்த அகலப் பலகைகள் நிறையவே நிற்கும். 3,777 மீட்டர் உயரத்துக்கு ஏறியதும் சிலருக்குக் காபி, செல்ஃபி, அதே ரோப்காரில் இறக்கம். பலகையில் தடவிய மெழுகு ஒரு துளி கரைந்திருக்காது.