போயிட்டு வாறேன்

கேள்வி: வளைகுடாவில் 12 வருடம் ஒரே அறையில் இருந்த சூடான் நண்பர் இறந்துவிட்டார். ஓம்துர்மானில் அவர் வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போகலாமா?
– வாசகர், பூதப்பாண்டி

பதில்: சூடானில் சண்டை ஓயட்டும். 2023 ஏப்ரலில் அது மூண்டபோது நம்மவர்களைப் போர்ட் சூடானிலிருந்து ஜெட்டாவுக்குக் கொண்டுவந்தார்களே, அதற்குப் பெயர் 'ஆபரேஷன் காவேரி'. தகராறில்லாமல் கரை சேர்த்த காவேரி அது ஒன்றுதான்.

பிறகு தாராளமாகப் போங்கள். நமக்கு முக்கடல் கூடும் குமரி. அவர்களுக்கு வெள்ளை நைலும் நீல நைலும் கூடும் கரை. ஃபாத்திஹா ஓத இரு கைகளையும் ஏந்துவார்கள். ஓதத் தெரியாவிட்டால் தலைகுனிந்து நின்றால் போதும். துக்க வீட்டில் கை நனைக்கமாட்டேன் என்று நாஞ்சில் வீம்பு பிடிக்காதீர்கள். சாயா குடிக்காமல் விடமாட்டார்கள். கிளம்பும்போது மட்டும் 'போயிட்டு வாறேன்' என்று துணிந்து சொல்லலாம். அங்கே யாருக்குத் தமிழ் தெரியும்?