வட்டவிதானையின் லிஸ்டும் ஏழு வரிக் கோடும்

வா மகன், இப்படி இரி. வரிப்பத்தான்சேனையில கம்ப்யூட்டர் படிச்ச ஆக்கள் கூடிட்டாங்க எண்டு எனக்குச் சந்தோசம்தான். ஆனா நீ எழுதின கோடப் பாத்தாச் சிரிப்பு வருது.

உன்ட கையில இரிக்கிறது வயலுக்குத் தண்ணி பாக்கிற வட்டவிதானை தந்த லிஸ்ட். ஒவ்வொரு ஆளுக்கும் பேரு, கண்டத்து நம்பர், ஏக்கர், போன். இறக்காமக் குளத்துத் தண்ணி எப்ப திறக்கிற எண்டு மெசேஜ் போடோணும், போன் நம்பர் மட்டும் போதும். அதுக்கு நீ போட்டது வெறும் லிஸ்ட் ஒண்டு, பூச்சியத்துல தொடங்கிற லூப் ஒண்டு, நடுவுல அப்பென்ட். ஏழு வரி! வரிக்கு ஒரு பிழை விட நல்ல வசதி.

பைத்தன் 2.0 வந்தது 2000ல. அப்ப இருந்தே லிஸ்ட் காம்ப்ரிஹென்ஷன் இரிக்கி, ஒரு வரிதான் வேல. ஜாவாஸ்கிரிப்ட்ல மேப், எஸ்கியூஎல்ல செலெக்ட். மெக்கார்த்தி எண்ட மனிசன் லிஸ்புக்கு 1960லயே மேப்லிஸ்ட் எழுதி வச்சிட்டாரு. உன்ட வாப்பாவே அப்ப பிறக்கல்ல.

ஒரு வரியில முடிச்சிட்டன் எண்டு துள்ளாத. போனே வெச்சிக்காத போடியார் ஒருத்தரு லிஸ்ட்ல இரிக்காரு. அவருக்குப் போன் கட்டமே இல்லாட்டி, பைத்தன் கீ எரர் எண்டு கத்திட்டு நடுவழியில நிண்டிரும். ஜாவாஸ்கிரிப்ட் அந்த இடத்துல அன்டிஃபைன்ட் எண்டு வச்சிட்டு, ஒண்டும் நடக்காத மாதிரிப் போயிரும். எனக்குக் கத்துறதத்தான் புடிக்கும். மத்தது ஊருக்கெல்லாம் மெசேஜ் போட்ட கணக்கக் காட்டும், போடியாருக்கு மட்டும் தண்ணி வந்தது தெரியாது.

இன்னொண்டு கேளு. வாப்பாவும் மகனும் ஒரே நம்பரக் குடுத்திருந்தா, ரெண்டு தரம் மெசேஜ் போகாம இரட்டைய வெட்டலாம். அதே கைப்பழக்கத்துல ஏக்கரையும் வெட்டிராத. ரெண்டு, ரெண்டு, மூணு எண்டு மூணு பேருக்கு ஏழு ஏக்கர். டிஸ்டிங்க்ட் போட்டுக் கூட்டிப் பாரு, அஞ்சு! ரெண்டு ஏக்கர எந்த மாடு மேஞ்சிச்சு? எட்கர் கொட் 1970ல டேட்டாபேசுக்கு எழுதின கணக்குல, ஒரு கட்டத்த மட்டும் உருவினா இரட்டை தானாப் போயிரும். எஸ்கியூஎல் அப்படியில்ல, நீ டிஸ்டிங்க்ட் எண்டு சொன்னாத்தான் வெட்டும். அதால பழி உனக்குத்தான், மெஷினுக்கில்ல.

போன வெட்டு, ஏக்கர வெட்டாத. மாத்திச் செஞ்சியெண்டா வட்டவிதானைக்கு நீயே பதில் சொல்லு, என்னக் கூப்பிடாத.