தலை எண்ணும் படலம்

சென்னையில் 'வீடு வாடகைக்கு' என்று பலகை தொங்கும் வாசலில் போய் நின்றால், வாடகையைப் பற்றிய பேச்சு நான்காவதாகத்தான் வரும். முதல் கேள்வி, "எத்தனை பேர்?" இரண்டாவது, "சொந்த ஊர் எது?" இது பூகோள ஆர்வத்தில் கேட்கப்படும் கேள்வியல்ல என்பது கேட்கிறவருக்கும் தெரியும், பதில் சொல்கிறவருக்கும் தெரியும். மூன்றாவது, "வெஜ்ஜா, நான்வெஜ்ஜா?" இந்த மூன்றையும் தாண்டியவருக்குத்தான் ஹாலின் விளக்கைப் போட்டுக் காட்டுவார்கள்.

சைதாப்பேட்டையில் சிங்கிள் பெட்ரூம் வீட்டில் இருந்த அந்தக் குடும்பம் முதல் கேள்வியிலேயே தடுக்கி விழுந்தது. கணவருக்குக் கிண்டியில் வேலை, மனைவிக்கு எழும்பூரில். மகள் யூகேஜி. இரண்டாவது குழந்தைக்குப் புரட்டாசியில் நாள் குறித்திருந்தார் டாக்டர். தலைப்பிரசவத்துக்குத்தான் தாய்வீடு; இரண்டாவதை இங்கேயே பார்த்துக்கொள்ளலாம் என்று மன்னார்குடியிலிருந்து கணவரின் அம்மா ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு தூக்கு முறுக்கு சகிதம் வந்து இறங்கிவிட்டார். ஆக, "எத்தனை பேர்?" என்றால் கணவர் "மூணு பேர் சார்" என்பார். ஓனரின் பார்வை மனைவியின் புடவை மடிப்பின் பக்கம் போகும். "இப்போதைக்கு" என்று கணவர் சேர்த்துக்கொள்வார். அந்த நேரம் பார்த்து வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரும் பாட்டி, "மூணு இல்ல, நாலரை" என்று கணக்கைத் திருத்துவார்.

ஓனர்களைக் கொடுமைக்காரர்கள் என்று சொல்லிவிட முடியாது. அவர்கள் எண்ணுவது தலையை அல்ல, பக்கெட்டை. போர் தண்ணீர், மெட்ரோ வாட்டர், லாரி என்று மூன்று வழியில் வரும் தண்ணீர் ஒரே சம்ப்பில் விழுந்து, ஒரே மோட்டாரில் ஏறி, நாலு போர்ஷனுக்குப் பிரிகிறது. ஒரு கைக்குழந்தை என்றால் ஒரு நாளைக்கு எத்தனை துணி அலச வேண்டும் என்பது பிள்ளை பெற்ற எல்லாருக்கும் தெரியும். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என்று நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வற்றிப்போய், ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன் கொண்ட ரயிலில் தண்ணீர் வில்லிவாக்கத்துக்கு வந்ததை இந்த ஊர் மறக்கவில்லை. ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். அந்த வருஷத்துக்குப் பிறகு பட்டம் வாங்கிய பெரிய குடும்பத்தைவிட படிக்காத சின்னக் குடும்பத்துக்கே ஓனர்கள் கண்ணில் மதிப்பு அதிகம்.

தண்ணீர் இல்லாத கவலை ஆறு மாதம் என்றால், தண்ணீர் வந்துவிடுமோ என்ற கவலை மீதி ஆறு மாதம். இதில்தான் வேளச்சேரி அடிபட்டது.

வேளச்சேரியில் எல்லாம் இருந்தது. பறக்கும் ரயில், பெரிய மால், கிண்டிக்குப் பக்கம், கணவரின் பட்ஜெட்டான 25,000-க்குள் டபுள் பெட்ரூம். புரோக்கர், "சார், தண்ணிப் பிரச்சினையே கிடையாது" என்றார். உண்மைதான்; 2015 டிசம்பரில் அங்கே தண்ணீருக்கு ஒரு குறையும் இருக்கவில்லை. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் இருக்கவில்லை. 2024 அக்டோபரில் கனமழை என்ற அறிவிப்பு வந்ததுமே அந்தப் பகுதிக்காரர்கள் தங்கள் கார்களையெல்லாம் வேளச்சேரி மேம்பாலத்தின் மேல் வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்திய படத்தை நாடே பார்த்தது. காரையாவது மேம்பாலத்தில் ஏற்றலாம். பத்து நாள் குழந்தையையும் பாட்டியையும் எங்கே ஏற்றுவது?

மனைவிக்கு இதில் தனிப் பயிற்சி உண்டு. வீட்டுக்குள் போனதும் அவர் கிச்சனைப் பார்ப்பதில்லை. முதலில் காம்பவுண்டுச் சுவரின் உள்பக்கம், இடுப்பு உயரத்தில் பெயின்ட் நிறம் மாறுகிறதா என்று பார்ப்பார். பிறகு இபி மீட்டர் பெட்டி. அது ஆள் எட்டாத உயரத்தில், ஸ்டூல் போட்டுப் பார்க்கிற மாதிரி புதிதாக ஏற்றி வைக்கப்பட்டிருந்தால், அந்த வீடு ஏதோ ஒரு மழையில் பாடம் படித்திருக்கிறது என்று பொருள். கடைசியாக வாசல். சென்னையில் ரோடு போட்டவர்கள் பல வருஷமாகப் பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே போட்டு வந்ததில், ஒரு காலத்தில் மூன்று படி ஏறிப் போன வீடுகளுக்கு இப்போது இரண்டு படி இறங்கிப் போக வேண்டும். "இறங்கிப் போற வீடு வேண்டாங்க" என்று அவர் சொன்னால் அதற்கு அப்பீல் இல்லை. வேளச்சேரி வீட்டில் மீட்டர் பெட்டி கிட்டத்தட்ட சன்ஷேடில் இருந்தது.

பாட்டியின் ஓட்டு மேற்கு மாம்பலத்துக்கு. அயோத்தியா மண்டபம், நடக்கும் தூரத்தில் காய்கறிக் கடைகள், எந்தத் தெருவில் திரும்பினாலும் ஒரு பிள்ளையார். ஆனால் அங்கே பார்த்த டபுள் பெட்ரூம் வீட்டில் இரண்டாவது பெட்ரூம் என்பது, ஒரு கட்டிலைப் போட்டால் கதவைச் சாத்த முடியாது, கதவைச் சாத்தினால் கட்டிலைப் போட முடியாது என்கிற வகை. முகவரி லேக் வியூ ரோட்டுக்குப் பக்கம். ஏரி எங்கே என்று மகள் கேட்டாள். நியாயமான கேள்வி. மாம்பலத்தின் நீண்ட ஏரியைத் தூர்த்துத்தான் 1920-களில் தியாகராய நகரை உருவாக்கினார்கள். ரோட்டின் பெயரில் மட்டும் அது பாக்கி இருக்கிறது. நூறு வருஷமாகியும் மழைக்காலத்தில் தண்ணீர் பழைய விலாசத்தை விசாரித்துக்கொண்டு அந்தப் பக்கம் வருவதாகக் கேள்வி.

நங்கநல்லூரும் பாட்டியின் பட்டியலில் இருந்தது. 32 அடி ஆஞ்சநேயர் இருக்கும்போது எப்படி இல்லாமல் இருக்கும்? வாடகை கட்டுப்படியாகாமல் புரோக்கர் அவர்களை விமான நிலையத்தைத் தாண்டி கொளப்பாக்கம் பக்கம் அழைத்துப் போனார். நல்ல வீடு, காற்று, வெளிச்சம். மொட்டை மாடியில் நின்று பேசிக்கொண்டிருக்கும்போது ஒரு விமானம் இறங்கியது. புரோக்கர் வாயை அசைத்துக்கொண்டே இருந்தார், ஒன்றும் கேட்கவில்லை. சத்தம் அடங்கியதும், "பழகிடும் சார்" என்ற கடைசி வார்த்தை மட்டும் காதில் விழுந்தது. மகளுக்கு வீடு மிகவும் பிடித்துவிட்டது. அரும்பாடுபட்டு ஒரு பச்சைக் குழந்தையைத் தூங்கவைத்த அனுபவம் உள்ள மற்றவர்களுக்குப் பிடிக்கவில்லை.

மயிலாப்பூரில் வாடகையைக் கேட்டதும் கபாலீஸ்வரரை மட்டும் கும்பிட்டுவிட்டு வந்துவிட்டார்கள். அண்ணா நகர், 1968 உலக வர்த்தகக் கண்காட்சி நடந்த இடம், அகலமான தெரு, வரிசையான மரம்; அங்கே டவர் பார்க்கில் மகளை ஊஞ்சல் ஆடவிட்டு, ஆளுக்கொரு ஐஸ்கிரீமோடு திரும்பினார்கள்.

கணவரின் ஆபீஸ் நண்பர்கள் எல்லாரும் ஓ.எம்.ஆர். கட்சி. அங்கே ஒரு அடுக்ககத்தில் நீச்சல் குளம் காட்டினார்கள், ஜிம் காட்டினார்கள், குழந்தைகளுக்கென்று வழவழப்பான ரப்பர் தரை போட்ட விளையாட்டு இடம் காட்டினார்கள். பாட்டி, "குடிக்கிற தண்ணி?" என்றார். லாரி. "குளிக்க?" அதுவும் லாரி. "அப்ப அந்தக் குளத்துல இருக்கறது?" மேனேஜர் மெயின்டனன்ஸ் கட்டணத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். எழும்பூர் வேலைக்கு அங்கிருந்து எப்படிப் போவது என்று மனைவி கேட்டதற்கு, இரண்டாம் கட்ட மெட்ரோ வந்துவிடும் என்றார். மெட்ரோவுக்குத் தோண்டிய பள்ளத்தைச் சுற்றிக்கொண்டுதான் அவர்கள் அங்கே வந்து சேர்ந்திருந்தார்கள்.

புது வீடுகளில் பாட்டிக்கு இருந்த பெரிய மனக்குறை வேறு. உள்ளே நுழைந்ததும் அவர் அண்ணாந்து பார்ப்பார். கொக்கி தேடுவார். தூளி கட்ட வேண்டாமா? இன்றைய ஃபிளாட்டில் கூரையில் இருக்கும் ஒரே கொக்கி ஃபேன் கொக்கி. ஃபேனைக் கழற்றிவிட்டுத் தூளி கட்டினால் குழந்தைக்கு வியர்க்கும். ஃபேனை வைத்துக்கொண்டால் தூளி இல்லை. போதாக்குறைக்கு ஃபால்ஸ் சீலிங் வேறு. அதில் ஒரு சாக்லெட் பெட்டிகூடத் தொங்காது. கணவர் ஆன்லைனில் ஸ்பிரிங் வைத்த ஸ்டாண்டு தொட்டில் காட்டினார், மோட்டார் வைத்ததுகூட இருந்தது. "அது தானா ஆடுனா, அழுவற பிள்ளைக்கு ஆட்டுறது யாருன்னு எப்படிடா தெரியும்?" என்றார் பாட்டி. எம்.சாண்டும் கம்பியும் போட்டு நான்கு அடுக்கு கட்டுகிற நகரம், ஒரு பழைய வாயில் புடவைக்கு இடம் வைக்காமல் கட்டுகிறது என்பது யோசிக்கவேண்டிய விஷயம்தான்.

இதற்குள் ஆனி பாதி போய்விட்டது. ஆடியில் யாரும் வீடு மாற மாட்டார்கள், அதனால் ஓனர்கள் இறங்கி வருவார்கள், அப்போது அடித்துப் பேசலாம் என்று கணவர் ஒரு பொருளாதாரத் திட்டம் வைத்திருந்தார். அதை வெளியே சொன்ன நிமிஷமே அது செத்துப்போனது. ஆடியில் பால் காய்ச்சுவதா? அதுவும் மாசமாக இருக்கிற பெண்ணை வைத்துக்கொண்டு? ஆவணி வரை காத்திருந்தால் மருமகளுக்கு மாடிப்படி ஏற முடியாது. ஆனி முடிவதற்குள் ஆக வேண்டும்.

அப்போதுதான் பெரம்பூர் வந்தது. உடனே உறவுக்காரர்கள் பக்கமிருந்து ஒரே கூக்குரல். "வட சென்னையா!" என்றார் தாம்பரம் சித்தப்பா. அவருக்கு வட சென்னையைப் பற்றித் தெரிந்ததெல்லாம் சினிமாவில் பார்த்தது. படத்தில் முதல் ரீலிலேயே கத்தியை எடுத்துவிடுகிறார்கள். இத்தனைக்கும் தென்னிந்தியாவின் முதல் ரயில் நிலையமான ராயபுரம் 1856-ல் திறக்கப்பட்டபோது, அவர் இப்போது வீடு கட்டியிருக்கும் இடத்தில் ஏர் ஓட்டிக்கொண்டிருந்திருப்பார்கள். பெரம்பூரில் 1955-ல் ஐ.சி.எஃப். வந்தது; ரயில் பெட்டி செய்கிறவர்கள், ஆங்கிலோ இந்தியர்கள், ரயில்வே ஊழியர்கள் என்று தலைமுறை தலைமுறையாகச் சம்பளம் வாங்கி, பிள்ளைகளைப் படிக்கவைத்த பேட்டை அது. மழை அங்கேயும் பெய்யும். பக்கத்து வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதை ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழைக்கும் மூழ்கி பேப்பரில் வரும். ஆனால் மனைவி பார்த்த தெருவில் வீடுகளுக்கு ஏறிப் போகவேண்டியிருந்தது. மீட்டர் பெட்டி மனிதர்களின் கண் உயரத்தில் இருந்தது. பெரம்பூரில் மின்சார ரயில் பிடித்தால் சென்ட்ரல். அங்கே மெட்ரோவுக்கு இறங்கினால் ஒரே ஸ்டேஷனில் எழும்பூர், இன்னொரு லைனில் நேரே கிண்டி. சைதாப்பேட்டையில் இருந்தபோது பைக்கில் தின்ற புகைக்கு இது எவ்வளவோ மேல்.

ஆனாலும் இறுதித் தீர்ப்பைச் சொன்னவர் பள்ளிக்கூட வேன் டிரைவர். வீடு தேடும் எந்தக் குடும்பமும் தாசில்தாரைவிட அவருக்குத்தான் பயப்பட வேண்டும். ஒரு தெரு நகரத்துக்குள் இருக்கிறதா இல்லையா என்பது மாநகராட்சியின் 200 வார்டு வரைபடத்தில் முடிவாவதில்லை. "அந்தத் தெருவுல வேன் திரும்பாதுங்க" என்று அவர் சொன்னால் அது இல்லை. இந்தத் தெருவுக்கு அவர் ஃபோனிலேயே யோசித்து, "முனையில வந்து நிக்கணும், ஏழு நாப்பதுக்கு" என்றார். அனுமதி கிடைத்ததாகக் கணவர் எடுத்துக்கொண்டார்.

வீடு பழைய மெட்ராஸ் டெரஸ் கூரை. தேக்கு உத்தரம், அதன் மேல் சரித்து அடுக்கிய செங்கல். ஹாலின் நடு உத்தரத்தில், பல முறை பெயின்ட் அடித்து மொழுமொழுவென்று ஆகிவிட்ட ஒரு இரும்பு வளையம். பாட்டி அதைப் பார்த்ததும் மற்ற அறைகளைப் பார்க்க மறுத்துவிட்டார். பாத்ரூம் கதவு தாழ்ப்பாள் விழவில்லை என்று மகன் சொன்னதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

ஓனர் ரயில்வேயில் ரிட்டயரானவர். அட்வான்ஸ் பத்து மாசம் என்றார். கணவர் இதற்காகவே தயாராக வந்திருந்தார்: 2017-ல் தமிழ்நாடு கொண்டுவந்த வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது, அதன்படி வேறு உடன்பாடு இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது, ஒப்பந்தத்தைப் பதிவும் செய்ய வேண்டும். ஓனர் பொறுமையாகக் கேட்டார். "வேறு உடன்பாடு இல்லாவிட்டால்னு நீங்களே சொல்றீங்களே சார், நாம உடன்படுவோம்" என்றார். ஐந்து மாசத்தில் உடன்பட்டார்கள். காலி செய்யும்போது பெயின்ட் செலவுக்கு ஒரு மாத வாடகை பிடிப்பு, சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, வருஷத்துக்கு ஐந்து சதவீதம் ஏற்றம் என்று அவர் அடுக்கிக்கொண்டே போனார். வளையத்தைப் பற்றி ஷரத்து ஏதும் இல்லை என்பதைப் பாட்டி உறுதி செய்துகொண்டார்.

கடைசியாக, குடியிருப்போர் எண்ணிக்கை. ஓனர் பேனாவை எடுத்தார். "நாலு பேர்னு போட்டுக்கலாமா? பொறக்கப்போற குழந்தையையும் சேர்த்து."

"போட்டுக்கலாம் சார்" என்றார் கணவர்.

"அம்மா?"

"அவங்க ஊர்லேருந்து வந்து போவாங்க."

அந்நேரம் பாட்டி அடுக்களை வாசலில் ஓனரின் மனைவியோடு நின்றிருந்தார். அந்த அம்மாளுக்குப் பிறந்த ஊர் நீடாமங்கலம் என்பதும், அவருடைய பெரியப்பா மகனுக்கு மன்னார்குடியில்தான் பெண் எடுத்தது என்பதும் அதற்குள் தெரிந்துபோயிருந்தது. வந்து போவாங்க என்ற வார்த்தை மட்டும் பாட்டியின் காதுக்குத் தெளிவாக எட்டியது.

"நான் எங்கண்ணே போறேன்? அஞ்சுன்னே போடுங்க" என்றார் பாட்டி ஓனரிடம். "மோட்டாரு காலையில ஒரு தடவதான் போடுவீங்களாமே, தங்கச்சி சொல்லுச்சு. தூளித் துணி தனியா அலசணும்ல, சாயங்காலமும் ஒரு தடவ போட்டு விடுங்க."

ஓனர் தன் மனைவியைப் பார்த்தார். மனைவி தலையாட்டினார். அவர் நாலை அடித்துவிட்டு அஞ்சு என்று எழுதி, பக்கத்தில் சின்னதாக ஒரு கையெழுத்துப் போட்டார்.