சிவப்பு மையும் தாய்மொழியும்

வயது வந்தோர் மொழி வகுப்புகளில் விடைத்தாள் திருத்துபவரின் கையில் கண்ணுக்குத் தெரியாத அளவுகோல் ஒன்று இருப்பதுண்டு. அதன் பெயர் ‘தாய்மொழியாளர்’, அதாவது அம்மொழியைப் பிறந்த வீட்டிலேயே பேசிப் பழகியவர். ஐரோப்பிய அவை 2001இல் வெளியிட்ட மொழித்தகுதிச் சட்டகம், கற்போரை ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகளில் நிறுத்தி, நான்காம் படியான பி2ஐ எட்டியவர் தாய்மொழியாளரோடு இருதரப்புக்கும் சிரமமின்றி உரையாட வல்லவர் என்றது. அந்தத் தாய்மொழியாளர் கிளாஸ்கோக்காரரா, டெக்சாஸ்காரரா, பொய்ப்பல் கட்டியவரா என்பதை மட்டும் அது சொல்லவில்லை. ஆங்கில எழுத்தின் தலையில் தொங்கும் அபோஸ்ட்ரபி என்னும் சிறு குறியை லண்டன்காரர் விட்டுவிட்டால் கைப்பிசகு. அடுத்த மேசையில் இருக்கும் சோமாலியர் விட்டுவிட்டால் இலக்கண அறியாமை. சில வகுப்புகளில் தராசு மறுபக்கம் சாய்ந்து, வெளிநாட்டவருக்குக் கருணை மதிப்பெண் விழுவதும் உண்டு. அதன் விலையை அவர் வேலைக்கான நேர்காணலில் தெரிந்துகொள்கிறார். அந்தச் சட்டகத்துக்கு 2018இல் வந்த துணைத்தொகுதி, தகுதி விளக்கங்களிலிருந்து தாய்மொழியாளரை நீக்கிவிட்டு, ‘இலக்குமொழி பேசுவோர்’ என்று, அதாவது கற்கப்படும் மொழியைப் பேசுவோர் என்று, மாற்றி எழுதியது. அந்த ஒரு சொல்லை மாற்ற 17 ஆண்டுகள் ஆயின.