பூவா, தலையா?

கேள்வி: சீயமங்கலம் குடைவரையை அரைமணி நேரத்தில் பார்த்துவிடலாமா? (தேசூர் வாசகர்)

அரைமணியே அதிகம் என்று ஓடுகிறவர்கள்தான் நிறைய. 7ஆம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த அவனிபாஜன பல்லவேசுவரம் அது. தூணாண்டாரைக் கும்பிட்ட கையோடு அரைத்தூணின் மேற்பகுதியையும் நிமிர்ந்து பாருங்கள். சின்னஞ்சிறு புடைப்புச் சிற்பமாகச் சிவன் ஆடுகிறார். சோழர் செப்புத் திருமேனிகளுக்கு முந்நூறு ஆண்டு மூத்தவர்.

கேள்வி: காசைப் பார்த்துச் சிற்பம் வந்ததா, சிற்பத்தைப் பார்த்துக் காசு வந்ததா? (செஞ்சி வாசகர்)

இத்தாலியில் காசுதான் குரு. பழைய ரோமக் காசுகளை ஆசையாகச் சேர்த்துவைத்த காலம். பிசனெல்லோ என்ற ஓவியர் 1438 வாக்கில் பைசாந்தியப் பேரரசர் எட்டாம் ஜானின் பக்கவாட்டு முகத்தைப் பதக்கமாக வார்த்தார். ஒருபுறம் முகம், மறுபுறம் காட்சி. காசின் இலக்கணம் அப்படியே, கடையில்தான் செல்லாது.

நம்மூரில் ரோமக் காசைப் பார்த்து மாறியது சிற்பியல்ல, அச்சு வெட்டியவர். சேரரின் மாக்கோதை வெள்ளிக்காசில் அரசன் முகம், மேலே தமிழி எழுத்தில் பெயர். அந்த மோகம் நீடிக்கவில்லை. பல்லவர் காசில் காளை நிற்கிறது, சிலவற்றில் இரட்டைப் பாய்மரக் கப்பல் மிதக்கிறது. ராஜாவின் தலையைக் காணோம்.

சிற்பிக்கோ வட்டம் வேறு வழியில் வந்தது. மகேந்திரவாடிக் குடைவரைத் தூண்களின் தாமரைப் பதக்கத்துக்கு மூதாதையர் பார்ஹுத், அமராவதி பௌத்தத் தூபிகளின் வேலித் தூண்கள். பார்ஹுத் வட்டச் சிற்பம் ஒன்றில் வணிகர் அனாதபிண்டிகர் புத்தருக்காக ஜேதவனத் தோப்பை விலைக்கு வாங்குகிறார். வண்டியிலிருந்து இறக்கிய சதுரக் காசுகளைத் தரை முழுக்கப் பரப்புகிறார்கள். பதக்கத்துக்குள்ளேயே காசு! கொல்கத்தா போனால் இந்திய அருங்காட்சியகத்தில் தவறவிடாதீர்கள். காசு சிற்பியை ஆட்டிவைக்கவில்லை, சிற்பிதான் காசைத் தரையில் கொட்டவைத்தார் என்பது என் கட்சி.

கேள்வி: கோட்டையைப் பிடித்தால் பதக்கம் உண்டா? (மேல்மலையனூர் வாசகர்)

1799இல் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு உண்டு. ஆங்கிலச் சிங்கம் திப்புவின் புலியை அமுக்குகிற படம். சிற்பி குக்லர் வடித்தது, அடித்தது இங்கிலாந்தில் போல்ட்டனின் சோஹோ காசாலை. பெரிய அதிகாரிகளுக்குத் தங்கம், சிப்பாய்க்குத் தகரம். குண்டுக்கு மட்டும் பதவி பார்க்கத் தெரியாது.

கேள்வி: உழும்போது காசுப்பானை கிடைத்தால்? (வந்தவாசி வாசகர்)

பத்து ரூபாய்க்கு மேல் மதிப்பிருந்தாலே கலெக்டருக்குத் தெரிவிக்கச் சொல்கிறது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். அதுவரை புளி போட்டுத் தேய்க்காதீர்கள், எழுத்து போய்விடும்.